மரபுவழிப் பாதசாரி

அந்தக் கல்பாலம் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, அதன் பெருமையை யாரும் கண்டுபிடிக்காதவரைக்கும்.

ஊரில் எல்லோரும் அதன்மேல் நடந்தார்கள். கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டார்கள், சாய்ந்து நின்று வம்பளந்தார்கள், வீட்டில் சண்டை என்றால் அங்கே வந்து சுவரை உதைத்தார்கள். பாலமும் போனால் போகிறது என்று நின்றது. ஒருநாள் ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார், மேலே ஏறினார், கல்லைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு தன் ஊருக்குப் போய், பாலத்தின் வரலாறும் பொறியியல் சிறப்பும் என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த மாதிரிக் கட்டுரைகளை எழுதுகிறார்கள். பாழாய்ப்போன தொன்மைச் சின்னங்கள் பேணுகை வாரியம் இதைப் படித்துத் தொலைத்தது. அன்றோடு பாலத்துக்குச் சனி பிடித்தது.

ஊரில் மற்றவர்களுக்கு இதனால் வந்தது எரிச்சல். தையல்காரருக்கு வந்ததுதான் கேடு. அவருடைய கடை ஆற்றுக்குக் கிழக்கே, பாலத்தின் வாசலில் இருந்தது. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு மேசை, ரசம் போன ஒரு கண்ணாடி. ஏணி வைத்து ஏறினால் அவர் படுக்கும் பரண். அவருடைய அக்கா இருந்தது ஆற்றுக்கு மேற்கே, பாலத்தை விட்டு இறங்கியதும் வரும் சந்தில். அம்மா செத்த பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இவர் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால், வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டவள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. முகமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சாப்பிட்டால் பாதி வாயோரம் வழியும். வாயாலேயே ஊரைக் கட்டி மேய்த்தவள் இன்னொருத்தர் முன்னால் அப்படி வழிய விடுவாளா? எதிர்வீட்டுக்காரி நல்ல மனுஷி. காலையும் மாலையும் வந்து பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள். ஆனால் சாப்பாட்டை ஊட்ட வந்தால் அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். தம்பி கையால் மட்டும்தான் சாப்பிடுவாள். அதனால் மதியம் ஆனால் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு, குழைய வேகவைத்து மசித்த சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பாலத்தில் நடையைக் கட்டுவார். ஊட்டுவார், வாயைத் துடைப்பார், அவளிடம் ரெண்டு திட்டு வாங்குவார், திரும்புவார்.

அக்காவை இந்தப் பக்கம் அழைத்துவந்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. பரணில் அவளை எப்படி ஏற்றுவது? இவர் அந்தப் பக்கம் போனால் என்ன என்றும் கேட்டார்கள். தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் இந்தப் பக்கம். கடை படுத்துவிட்டால் அவளுக்கு மருந்து எங்கிருந்து வரும்? பாலம் இருக்கும்வரை இந்தக் கேள்விக்கெல்லாம் அவசியமே வரவில்லை.

வாரியம் விழா எடுத்தது. அதற்கு ரிப்பன் தைத்துக் கொடுத்ததே நம் தையல்காரர்தான். அகலமான சிவப்புப் பட்டு, ஓரம் மடித்து அடித்தது. அவருக்கு ஏகப்பட்ட பெருமை. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்ற ஊர்களில் ரிப்பனை வெட்டுவார்கள். இங்கே வாரிய இயக்குநர் அதைப் பாலத்தின் வாசலில் குறுக்கே கட்டி, முடிச்சுப் போட்டு, இழுத்தும் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"எத்தனை தலைமுறையா இந்தப் பாலம் நம்மளைச் சுமந்துச்சு! ஒருநாள் லீவு கேட்டிருக்குமா? ஒரு வார்த்தை முணுமுணுத்திருக்குமா? அதோட வலியை முதல்முதலாப் புரிஞ்சுக்கிட்டது நம்ம வாரியம்தான். இன்னையிலேருந்து இது மேல யாரும் கால் வைக்க வேண்டியதில்லை. மக்களுக்காகக் கட்டின பாலத்தை மக்கள்கிட்டேருந்து காப்பாத்தி மக்களுக்கே அர்ப்பணிக்கிறோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். முடிச்சுப் போட்டு இழுத்தும் தையல் பிரியவில்லையே என்று அவருக்குச் சந்தோஷம். மதியம் தூக்குச்சட்டியோடு வந்தபோதுதான், தான் எதற்குக் கைதட்டினோம் என்பது அவருக்கு உறைத்தது. வாசலில் காவலாளி நின்றான். எதிர்முனையில், மேற்கு வாசலில், ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் கதவு வைத்துப் பூட்டியிருந்தார்கள். உச்சியில் ஈட்டி முனைகள் வேறு. கீழே பார்த்தால் பாறையும் சுழலும். அந்த ஆற்றில் படகு விட்டவன் எவனும் கிடையாது. வேறு வழி என்றால் பஸ் ஏறி, மாறி, தூரத்து நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போகவேண்டும். மதியச் சாப்பாடு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

மறுநாள் அவர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். சுவர் முழுக்கப் பாலத்தின் படங்கள். எந்தப் படத்திலும் ஆள் இல்லை. ஆள் பதிந்த படங்களைக் கழித்துவிட்டார்களாம். வாரியப் பொறியாளரின் மேசைமேல் மரக்கட்டையில் செய்த ஒரு சின்னப் பாலம் இருந்தது. பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

"வாங்க, உக்காருங்க. இதைப் பாருங்க. சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது, ஒரு ஆணி கிடையாது. வெறும் கல்லு. எப்படி நிக்குது சொல்லுங்க பாப்போம்?"

"தெரியலை சார். நான் வந்தது எதுக்குன்னா, எங்க அக்கா…"

"இந்தப் பாதி அந்தப் பாதி மேல சாயுது. அந்தப் பாதி இந்தப் பாதி மேல சாயுது. நடு உச்சியில இந்த முகட்டுக்கல் ரெண்டையும் பிடிச்சுக்குது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு நிக்காது. மேல பாரம் ஏற ஏறக் கல்லு இன்னும் இறுகும். எப்படி மூளை பாருங்க அந்தக் காலத்து ஆளுங்களுக்கு!" அவர் கண் கலங்கியேவிட்டது.

"அப்ப நாங்க மேல நடந்தா பாலத்துக்கு நல்லதுதானே சார்?"

பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது பொறியியல். இப்ப நீங்க கேக்கறது நிர்வாகம்."

தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். பக்கவாதம், மசித்த சாப்பாடு, மூடிய உதடு, எல்லாம் சொன்னார். பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடக்க அனுமதி கொடுப்பதென்றாலும் பாதிப் பாலத்துக்குத்தான் கொடுக்கமுடியும் என்றார். கிழக்குப் பாதி இந்த வட்டம். மேற்குப் பாதி மேற்கு வட்டம். அதற்கு அதிகாரி வேறு, கதவு வேறு, சாவி வேறு.

"ரெண்டு பாதியும் தனியா நிக்காதுன்னு இப்பத்தானே சார் சொன்னீங்க?"

"ஆமா. அதனாலதான் ரொம்பக் கவனமாப் பிரிச்சிருக்கோம்."

"சரி சார், அந்த முகட்டுக்கல்லு எந்தப் பக்கம்?"

இந்த இடத்தில் பொறியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது தகராறுல இருக்குங்க. ரெண்டு வட்டமும் எங்களுதுங்குது. தீர்ப்பு வர்ற வரைக்கும் அதை யாரும் மிதிக்கக்கூடாது. நான்கூடத் தாண்டித்தான் போவேன், போனா."

அன்று மாலை எதிர்வீட்டுக்காரி போனைப் போட்டு அக்கா காதில் வைத்தாள். அக்காவின் பேச்சு குழறும். தையல்காரருக்கு மட்டும் ஒரு எழுத்து தப்பாமல் புரியும்.

"ஏண்டா வரலை? பாலம் இடிஞ்சு விழுந்துடுச்சா?"

"இல்லக்கா. நல்லா இருக்கு. அதுதான் தொந்தரவு."

"குடிச்சிருக்கியா?"

"ஐயோ, இல்லக்கா! அதைப் பாதுகாக்கறாங்களாம்."

"யாருகிட்டேருந்து?"

"நம்மகிட்டேருந்துதான்."

அக்கா சிரித்தாள். மூச்சு வாங்கி இருமும்வரை சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு.

முடிந்தபோதெல்லாம் அவர் பஸ்ஸில் சுற்றிப் போனார். போன நாளில் கடை மூடிக்கிடந்தது, போகாத நாளில் அக்கா வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். எதிர்வீட்டுக்காரி கெஞ்சினாள், அதட்டினாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். அக்கா பாலை மட்டும் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒரு சுற்று இளைத்திருந்தாள். அளவெடுத்தே பழகிய கண்ணாயிற்றே, அதற்கு நாடா தேவைப்படவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தையல்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார்.

இப்படி இருக்கையில் இயக்குநரே காரில் கடைக்கு வந்து இறங்கினார். தையல்காரர் பதறிப்போய் மேசைமேல் கிடந்த துணியை வாரிக்கொண்டு நாற்காலி போட்டார். பாலத்தைப் பார்வையிட்டுத் தரம் பிரிக்க வெளியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்களாம். வயதுக்கு முழு மதிப்பெண், பொறியியலுக்கு முழு மதிப்பெண் நிச்சயம். ஒரே ஒரு இடத்தில்தான் உதைக்கிறது.

"பாலம் இன்னும் மக்கள் புழக்கத்துல இருக்கான்னு கேப்பாங்க. இருக்குன்னாத்தான் முதல் தரம். நாம யாரையும் விடறதில்லை. விடாமலே புழங்கற மாதிரி இருக்கணும். யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. அப்புறம் எங்க பொறியாளர்தான் உங்களை ஞாபகப்படுத்தினார். உங்களை மரபுவழிப் பாதசாரியா நியமிக்கறோம்!"

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் பாலத்துல நடக்கலாமா ஐயா?"

"நடக்கலாமாவா? நடந்தே ஆகணும்!"

"அந்தப் பக்கம் வரைக்குமா?"

"முகட்டுக்கல் வரைக்கும். அதுக்கு ஒரு அடி முன்னாடி நின்னு திரும்பிடணும். முதல் தரம் மட்டும் வந்துடட்டும், மேற்கு வட்டத்துக்கிட்ட நானே பேசி முழுசா வாங்கித் தரேன். என் வாக்கு!"

அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் மனுஷர். வேறு எதைப் பிடித்துக்கொள்வார்?

ஒத்திகை தொடங்கியது. முதலில் உடை. பாலம் கட்டிய காலத்தில் பாதசாரிகள் என்ன உடுத்தினார்கள் என்று வரலாற்று ஆலோசகரைக் கேட்டார்கள். அவர் புத்தகமெல்லாம் புரட்டிவிட்டு, "ஆதாரமே இல்லை. அதனால நாம எது வேணும்னாலும் உறுதியாச் சொல்லலாம்" என்றார். ஊதா நிற அங்கியும் மஞ்சள் தலைப்பாகையும் முடிவாயின. இயக்குநர் அறையின் திரைச்சீலையும் அதே ஊதாதான். தையல்காரர் தன் உடையைத் தானே தைத்துக்கொண்டார். தூக்குச்சட்டி அந்தக் காலத்தது இல்லை என்று வாங்கி வைத்துக்கொண்டு மண்கலயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சிந்தினால் கல்லில் கறை படியுமாம், அதனால் கலயம் காலியாக இருக்கவேண்டும். போனைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

"எங்க, நடங்க பாப்போம்" என்றார் ஆலோசகர். நடந்தார். "இது ரொம்ப வேகம். பாரம்பரியமா இல்லை. இதுவரைக்கும் நீங்க எப்படித்தான் நடந்தீங்க?"

"வேகமாத்தான் சார். சாப்பாடு ஆறிடும்ல."

"அதெல்லாம் வேண்டாம். அவசரமே இல்லாத மாதிரி நடங்க. போற இடத்துல யாருமே காத்துக்கிட்டு இல்லைன்னு மனசுல நினைச்சுக்குங்க."

தையல்காரர் அப்படி நினைத்துப் பார்த்தார். நினைக்க வரவில்லை. ஆனாலும் நடந்தார், முகட்டுக்கல்வரை போனார், திரும்பினார். தினமும் மதியம் அக்கா வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிகிற இடம்வரை காலிக் கலயத்தோடு போய்விட்டுக் காலிக் கலயத்தோடு வந்தார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. சிலர் விசிலடித்தார்கள்.

நிபுணர்கள் வந்தார்கள். கிழக்கு வாசலில் பந்தல், மேடை, மாலை எல்லாம் தயார். மேற்கு வட்ட அதிகாரியும் சிறப்பு விருந்தினராக நெடுஞ்சாலை வழியே சுற்றிக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் மரக்கட்டைப் பாலத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று தாங்கும் அழகை உருகி உருகி விளக்கினார். நிபுணர்கள் தலையாட்டினார்கள். "இப்போது, உயிருள்ள புழக்கம்!" என்று இயக்குநர் அறிவிக்க, ஊதா அங்கியில் தையல்காரர் ஆடி அசைந்து கிளம்பினார்.

முகட்டுக்கல்லை நெருங்கும்போது அந்தப் பக்கம் இரும்புக் கதவை யாரோ பிடித்து உலுக்கினார்கள். எதிர்வீட்டுக்காரி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அண்ணே! போனை ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க? அக்காவுக்கு மூச்சு இழுக்குது! உங்களைத்தான் கேக்குது! ஓடி வாங்கண்ணே!"

முகட்டுக்கல்லாவது, தகராறாவது! தையல்காரர் அதை மிதித்துக்கொண்டு ஓடினார். தலைப்பாகை பறந்தது, கலயம் எங்கோ விழுந்து உடைந்தது. அங்கி காலைத் தடுக்க, அதைத் தொடைக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் மேடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு நிபுணர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள்.

இரும்புக் கதவில் வந்து மோதினார். அந்தப் பக்கம் நின்ற மேற்குக் காவலாளி வயதானவன், அக்காவிடம் சின்ன வயதில் திட்டு வாங்கியவன்தான்.

"திறப்பா! அக்கா சாகக் கெடக்கறாப்பா!"

"தெரியும்ணே. நான் என்ன பண்ணுவேன்? கிழக்குலேருந்து வர்றவங்களை விட எனக்கு உத்தரவு இல்லை. உத்தரவு கிடக்கட்டும்னு விட்டாலும் சாவி என்கிட்ட இல்லையே. பெரிய ஐயா எடுத்துக்கிட்டு உங்க பக்கம்தான் விழாவுக்கு வந்திருக்காரு."

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். பாலத்தின் அந்தக் கோடியில், மேடைமேல், மேற்கு வட்டத்துப் பெரிய ஐயா கைதட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் திரும்ப அவ்வளவு தூரமும் ஓடினார். மேடை ஏறி அவர் காலைப் பிடித்துக்கொண்டார். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டவும் செய்தார்.

"கொடுக்கக்கூடாதுன்னு இல்லைப்பா. ஆனா இப்ப நான் விருந்தாளியா வந்திருக்கேன். அதிகாரியா வரலை. என் சீட்டுல போய் உக்காந்தாத்தான் இதை நான் என் கையால கொடுக்க முடியும். சாயங்காலம் சாப்பாடு முடிஞ்சதும் நேரா அங்கதான் போறேன். நீ வந்து பாரு."

தையல்காரர் அந்த ஊதா அங்கியோடேயே பஸ் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாயோரத்தை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். சுத்தமாக இருந்தது. கடைசிவரைக்கும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் அக்காவின் காலடியில் உட்கார்ந்து குழந்தைப்பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.

எல்லாம் முடிந்து அவர் கடையைத் திறந்த அன்று இயக்குநரின் கார் வந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இறங்கினார். மனுஷரால் கொஞ்ச நேரம்தான் அப்படி வைத்துக்கொள்ள முடிந்தது.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆனா பாருங்க, உங்க அக்கா ஆசீர்வாதம், முதல் தரம் வந்துடுச்சு! அந்த ஓட்டம் இருக்கே, அதுதான் எல்லாத்தையும் தூக்கிடுச்சு. இந்தப் பாலம் உயிரோட இருக்குன்னு எழுதியிருக்காங்க. நாங்க என்னவோ மெதுவா நடக்கச் சொன்னோம், உங்களுக்குத்தான் எது சரின்னு தெரிஞ்சிருக்கு!"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியூர்லேருந்து கூட்டம் கூட்டமா வராங்க. எல்லாரும் அந்த ஓட்டத்தைத்தான் கேக்கறாங்க. தினமும் மதியம் ஒரு தடவை ஓடினாப் போதும். நான் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். ரெண்டு வட்டமும் உக்காந்து பேசிட்டோம். முகட்டுக்கல்லை நீங்க தாராளமா மிதிக்கலாம். மேற்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியாச்சு. முழுப் பாலமும் உங்களுக்குத்தான்!"

கத்தரிக்கோலால் குத்தியிருக்கலாம். அவர் குத்தவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மதியம் ஆனதும் கால் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அந்த நேரத்துக்குக் கிளம்பிய கால். அங்கியைப் போட்டுவிட்டார்கள், போட்டுக்கொண்டார். ஓடச் சொன்னார்கள், ஓடினார். முகட்டுக்கல்லைத் தாண்டும்போது சுற்றிலும் படம் பிடித்தார்கள். மேற்குக் கதவு விரியத் திறந்து கிடந்தது. காவலாளி அவரை நிமிர்ந்து பார்க்காமல் ஒதுங்கி நின்றான்.

கதவைத் தாண்டி, சந்தில் திரும்பி, மூச்சு வாங்க அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. பூட்டியது அவர்தான்.

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப விட்டுட்டாங்களாண்ணே?"

"விட்டுட்டாங்கம்மா" என்றார் தையல்காரர்.